விழித்திரையைக் காக்கச் சொட்டு மருந்து

(மருத்துவ மாணவர்களும் பொது சுகாதார அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீரிழிவு நோய் விழித்திரையைத் தாக்கும்போது வலி தோன்றுவதில்லை. தொடக்கத்தில் பார்வையும் மங்குவதில்லை. பார்வை குறைந்து நோயாளி மருத்துவரை நாடும் வேளையில் சேதம் பெரும்பாலும் முற்றியிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. எனவே இது மருத்துவர்களின் கவலை மட்டுமன்று, திட்டமிடுவோரின் கவலையுமாகும்.

லேசர் சிகிச்சை, கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து, அறுவைச் சிகிச்சை ஆகியவை பயனுள்ளவையே. ஆனால் இவை பெரிதும் நோய் முற்றிய கட்டத்திற்கு உரியவை. நிபுணரும் விலையுயர்ந்த கருவிகளும் இன்றி நடவாதவை. தொடக்கக் கட்டத்தில் நோயாளி தம் கையாலேயே இட்டுக்கொள்ளக்கூடிய சொட்டு மருந்து கிடைத்தால், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமே கண்ணைக் காக்கும் இடமாகிவிடும். இந்த ஆராய்ச்சியின் முக்கியத்துவம் இதுவே.

விழித்திரையின் இரத்த நுண்குழாய்களில் மாற்றம் தென்படுவதற்கு முன்பே, பலருக்கு அதன் நரம்பணுக்கள் நலியத் தொடங்குகின்றன. ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா நகரின் வால் டெப்ரோன் ஆராய்ச்சி நிலையத்தில் ரஃபேல் சிமோ, கிறிஸ்டினா எர்னாண்டஸ் ஆகியோரின் குழுவினர், மரபுக் குறைபாட்டால் நீரிழிவுக்கு ஆளாகும் சுண்டெலிகளை ஆராய்ந்தனர். குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோனையும், அதைப்போல் செயல்படும் மருந்துகளையும் அவற்றின் கண்களில் சொட்டு மருந்தாக இட்டனர். 2016-இல் வெளியான முடிவுகளின்படி, நரம்பணுக்களின் அழிவு குறைந்தது. ஒளிக்கு விழித்திரை காட்டும் மின்துலங்கல் மேம்பட்டது. இரத்தச் சர்க்கரை குறையாத நிலையிலும் இப்பயன் கிட்டியது என்பது கருதத்தக்கது.

எனினும் சுண்டெலியின் கண் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமே உடையது. மனிதக் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். இட்ட மருந்தில் பெரும்பகுதி கண்ணீரோடு வழிந்துவிடும். எஞ்சியது விழித்திரையை எட்ட வேண்டிய தொலைவு மிகப் பெரிது. மேலும், சுண்டெலியில் சில வாரங்களில் காணும் மாற்றம் மனிதனிடம் பல ஆண்டுகளில் நிகழ்வது.

வேறு இரு சொட்டு மருந்துகளான பிரிமோனிடின், சோமடோஸ்டாடின் ஆகியவை ஐரோப்பாவில் 449 நோயாளிகளிடம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சோதிக்கப்பட்டன. 2019-இல் வெளியான முடிவு நமக்கு ஒரு பாடமாகும். எல்லா நோயாளிகளையும் ஒருசேர நோக்கியபோது தெளிவான பயன் இல்லை. விழித்திரையின் செயல்திறன் ஏற்கெனவே சற்றுக் குன்றியிருந்தோரிடம் மட்டும் அக்குறை மேலும் வளராமல் தடுக்கப்பட்டதாகத் தெரிந்தது.

இதன் பொருள் என்ன? நாளை தக்க மருந்து வந்தாலும், உரிய நோயாளியை உரிய காலத்தில் கண்டறிந்தால்தான் அது பயன்படும். இன்றைய சிகிச்சைகளுக்கும் இந்த விதியே பொருந்தும். ஆகவே புதிய மருந்துக்காகக் காத்திராமல், நீரிழிவு நோயாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரைப் பரிசோதனை கிடைக்கச் செய்வோம். ஆய்வுக்கூடம் தன் பணியைத் தொடரட்டும். நம் பணியை இன்றே தொடங்கலாம்.