ஊர் வேறு, அறிக்கை ஒன்று



தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் மூன்றை எடுத்து அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்று கடலோர மீனவர்களிடம் வேலை செய்யும். இன்னொன்று தருமபுரிப் பக்கம் மானாவாரி விவசாயிகளிடம். மூன்றாவது, மட்டக்களப்பில் போரில் கணவரை இழந்த பெண்களிடம். ஊர் வேறு, துயரம் வேறு. அறிக்கைகளோ ஒரே ஆள் எழுதியவை போலிருக்கும். அதே திறன் வளர்ப்பு, அதே விழிப்புணர்வு முகாம், அதே வாழ்வாதார மேம்பாடு.

இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் புராஜெக்டை நம்பி இயங்குகின்றன. கையிலிருக்கும் புராஜெக்ட் முடிவதற்குள் அடுத்ததற்கு புரொபோசல் எழுதியாக வேண்டும். தவறினால் களப்பணியாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. இந்த நெருக்கடியில் யாருடைய கண்ணுக்கு நாம் சரியாகத் தெரிய வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. ஊர்க்காரர்கள் கண்ணுக்கா, பணம் தருகிறவர் கண்ணுக்கா?

அமைப்புகள் ஏன் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன என்பதை 1983-இல் பால் டிமாஜியோ, வால்டர் பவல் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார்கள். அவர்கள் மூன்று வழிகளைச் சொன்னார்கள். மேலிருந்து வரும் கட்டாயம்; எது சரியென்று தெரியாதபோது அடுத்தவரைப் பார்த்துச் செய்வது; ஒரே படிப்பும் பயிற்சியும் பெற்றவர்கள் எல்லா இடங்களிலும் வேலைக்கு அமர்வது.

மூன்றும் நம் தொண்டு நிறுவனங்களில் நடக்கின்றன. கட்டாயத்துக்கு நல்ல உதாரணம், நிதி தருகிறவர்கள் பலர் நிரப்பித் தரச் சொல்லும் ஓர் அட்டவணை; களத்தில் எல்லோரும் அதை ‘லாக்ஃபிரேம்’ என்பார்கள். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமைக்காக 1969-இல் ஓர் ஆலோசனை நிறுவனம் உருவாக்கியது அது. நான்கு வரிசை, நான்கு பத்தி, ஆக 16 கட்டங்கள். மேலே நோக்கம், கீழே செய்யப்போகும் வேலை. பக்கத்திலேயே அதை எதை வைத்து அளப்பது, அதற்கு என்ன சான்று காட்டுவது, எவை சரியாக அமைந்தால் இது நடக்கும். சிந்தனையை ஒழுங்குபடுத்த உதவும் கருவிதான். ஆனால் எண்ணிக் காட்ட முடியாத வேலைக்கு அந்தக் கட்டங்களில் இடம் கிடைப்பது கடினம். இரண்டு சாதித் தெருக்களுக்கிடையே பேச்சுவார்த்தை தொடங்க வைப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதைச் சுலபமாக எழுதிவிடலாம்.

அடுத்தது பார்த்துச் செய்வது. எந்த புரொபோசலுக்கு ஃபண்ட் கிடைத்ததோ அதுவே மற்றவர்களுக்கு முன்மாதிரி. மூன்றாவது, ஆட்கள். சமூகப்பணி முதுகலை முடித்தவர்கள் ஒரு புராஜெக்ட் முடிந்ததும் அடுத்த நிறுவனத்துக்குப் போகிறார்கள்; பழைய இடத்தின் படிவங்களும் சொற்களும் அவர்களோடு போகின்றன.

இதனால் என்ன நட்டம் என்பதைச் சுனாமிக்குப் பிந்தைய காலம் காட்டியது. 2004 டிசம்பர் 26-இல் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். உதவி குவிந்தது. பல நிறுவனங்கள் ஒரே பொருளைக் கொடுக்க முன்வந்தன: பைபர் படகு. படகை எண்ணலாம், படம் எடுக்கலாம், கொடுத்த தேதியைக் குறிக்கலாம். கட்டுமரங்கள் இருந்த கரைகளில் பைபர் படகுகள் நிறைந்தன. சில ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகவே சேர்ந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதேதான் நடந்தது. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களுக்கும், கூலி வேலைக்குப் போகும் தலித் குடும்பங்களுக்கும் உதவி தாமதமாகவும் குறைவாகவும்தான் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய இழப்பைப் படகைப் போல எண்ணிக் காட்ட முடியவில்லை.

ஒத்துப்போவதெல்லாம் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. கணக்கு வழக்கும் தணிக்கையும் குழந்தைப் பாதுகாப்பு விதிகளும் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுபோல இருக்கத்தான் வேண்டும். பணத்துக்கு ஒரே ஒழுங்கு வைப்போம்; ஊரைப் புரிந்துகொள்வதற்கு ஒரே வார்ப்பு வைத்தால்தான் தவறு. 2020-இல் திருத்தப்பட்ட இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இன்னொரு சிக்கலையும் சேர்த்தது. வெளிநாட்டு நிதி பெறும் ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுக்க அது தடை விதிக்கிறது. பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் பெற்றுத் தன் ஊரில் தன் போக்கில் வேலை செய்த சிறிய அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது. தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் அவையும் பெரிய நிறுவனங்களைப் போலவே படிவம் நிரப்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நிதி தருகிறவர்களிடம் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். தொகையில் ஒரு பகுதியை எந்தக் கட்டத்திலும் அடைக்காமல், புராஜெக்டுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் களப்பணியாளரை ஊரிலேயே தக்கவைக்க விடுங்கள். ஊரை அறிந்தவர் போய்விட்டால் அடுத்து வருகிறவர் படிவத்தைத்தான் நம்புவார். இரண்டாவது, புரொபோசலை உங்களுக்கு அனுப்பும் முன்பு, யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கூட்டத்தில் அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். “இது எங்க ஊருக்கு ஒத்துவராது” என்று ஒருவர் எழுந்து சொன்னால், அதை எழுதி இணைக்க ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கம் எந்த இரண்டு ஊருக்கும் ஒன்றாக இருக்காது.