தாயின் கவலையும் குழந்தையின் கட்டியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வயிற்றில் கட்டி என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு சித்தூரிலிருந்து வேலூருக்கு ஓடும் தாய், மருத்துவரிடம் முதலில் கேட்பது மருந்தைப் பற்றியன்று. "வயிற்றில் சுமந்தபோது அழுதுகொண்டே இருந்தேனே, அதனால் வந்ததோ?" என்பதே அவள் கேள்வி. பாட்டியோ, பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டிப் பத்து நாள் போக்கியிருப்பாள். மன அழுத்தச் சுரப்புநீர் புற்றணுக்களைத் தூண்டுகிறது என்று படித்தவர்களும் பேசத் தொடங்கியபின், அந்த அச்சத்திற்கு விஞ்ஞானப் பூச்சும் ஏறிவிட்டது. அதில் உண்மை எவ்வளவு?

சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல் சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதன் புறணி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. உள்ளகம் அட்ரீனலினைச் சுரக்கிறது. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பது பின்னதன் வேலை. கரு வளர்கையில், முதுகுப் பக்கத்தில் தோன்றும் நரம்பு மூலவணுக்களில் ஒரு பகுதி நகர்ந்து வந்து இவ்வுள்ளகமாக அமைகிறது. அவற்றுள் சில முதிராமல் நின்று பெருகிவிடுமானால் அதுவே நியூரோபிளாஸ்டோமா என்னும் கட்டி. 1910இல் ஜேம்ஸ் ஹோமர் ரைட் இட்ட பெயர் அது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது.

ஆகவே, இக்கட்டி பெரிதும் தோன்றும் இடமே சுரப்புநீரின் ஊற்றுக்கண்! புறணியிலிருந்து வடியும் கார்ட்டிசாலில் உள்ளக அணுக்கள் நனைந்துகொண்டே இருக்கின்றன. நாரட்ரீனலினை அட்ரீனலினாக மாற்றும் நொதியைத் தூண்டுவது இந்த நனைவே என்று ஊர்ட்மனும் ஆக்சல்ராடும் 1960களில் காட்டினர். எலியின் இளம் அணுக்களுக்குக் கார்ட்டிசால் இனத்தைக் கொடுத்தால் சுரப்பியணுவின் வடிவம் கொள்கின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் நரம்பணுவாகின்றன. கட்டிக்குள்ளும் இருவகை அணுக்கள் உண்டென்று 2017இல் அறிந்தனர். ஒன்று நரம்பின் சாயலுடையது. மற்றது மருந்துக்கு எளிதில் அடங்காதது. ஒன்று மற்றொன்றாக மாறவும் வல்லது. இம்மாற்றத்தில் கார்ட்டிசால் இனத்தின் கை எவ்வளவு என்பதே இன்று ஆய்வுக்கூடங்கள் துருவும் பொருள்.

ஆனால் கண்ணாடித் தட்டில் ஊற்றும் சுரப்புநீர் வேறு. தாயின் கண்ணீர் வேறு. கார்ட்டிசால் கவலைக்கென்றே சுரப்பதன்று. விடியலில் நம்மை எழுச்சி கொள்ளச் செய்வதும், கருக்குழந்தையின் நுரையீரலை மூச்சுக்கு ஆயத்தம் செய்வதும் அதுவே. தாய் அழுததால் இக்கட்டி வந்தது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. கைக்குழந்தைகள் சிலரிடம் இது தானாகவே கரைந்து மறைவதும் உண்டு. அக்குழந்தைகளின் தாய்மார் மட்டும் அழாதவர்களா என்ன?

தாய்மார்களே, பழியைச் சுமப்பதை விட்டுக் கையை நம்புங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் கைக்கு வயிற்றில் கெட்டியாக ஏதேனும் தட்டுப்பட்டால் அதை அழுத்திப் பார்த்துக்கொண்டிராதீர்கள். அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கருமை படர்ந்தாலும், காரணமின்றிக் குழந்தை நொண்டினாலும், வெளுத்துக் காய்ச்சலில் மெலிந்தாலும் திருஷ்டி கழித்து நாள் போக்க வேண்டா. இக்கட்டி அட்ரீனலின் இனத்தை உண்டாக்குவதால் அதன் கழிவு சிறுநீரில் தெரியும். குழந்தையைக் குத்தாமலே செய்யும் சோதனை அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் நமக்குப் பழகியவை. திருப்பதியிலேயே 2022இல் டாட்டா அறக்கட்டளைகளின் துணையோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இன்னொன்று. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்ட்டிசாலின் உறவினர்தாம். இரத்தப் புற்றுநோய் போன்றவற்றைச் சில நாள் மறைத்துவைத்து, நோயறியும் வேலையைக் கெடுத்துவிடும். மருத்துவர் அறிந்து கொடுத்தால் கொடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டா. முன்பு கொடுத்த மாத்திரைச் சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, மறவாமல் உடன் கொண்டு செல்லுங்கள்.