பழைய மாவட்டத்தின் இரண்டு கோடிகள்

இன்று கல்வராயன் மலைக்குப் போகிறோம். ஆனால் கடலோரத்து ஆரோவில்லை ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் மலையேறப் போகிறோம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை, இந்த இரண்டு இடங்களும் ஒரே விழுப்புரம் மாவட்டத்தின் இரண்டு கோடிகள்.

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கியபோது, அது பெரும்பாலும் பொட்டல் செம்மண் மேடு. மழை பெய்தால் மண் அரித்துக் கடலுக்கே போகும். அங்கே குடியேற வந்தவர்களும் சுற்றுவட்டாரத்து ஜனங்களும் வரப்புக் கட்டினார்கள், குழி வெட்டிக் கன்று நட்டார்கள். இப்போது அது காடு. இயற்கையைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி என்று படிக்க வெளிநாட்டு மாணவர்கள் அங்கே வருகிறார்கள். அமெரிக்காவின் ‘லிவிங் ரூட்ஸ்’ திட்டத்தில் பல மாதங்கள் தங்கிப் படித்துப் போனவர்களும் உண்டு.

நல்ல பாடம்தான். ஆனால் என் கணக்கில் அது பாதிப் பாடம். மிச்சப் பாதி மேற்கே இருக்கிறது.

விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயப்பாளையம் தாண்டினால் கோமுகி அணை. 46 அடி உயரம். மலையில் பெய்கிற மழைதான் இதன் முதல். கீழே உள்ள நெல்லும் கரும்பும் அதை நம்பித்தான். அணைக்கரையில் நின்று மலையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மேலே மண் சரிந்தால் அது வந்து தங்குவது இந்த அணையின் அடியில்தான்.

பிறகு வளைந்து வளைந்து ஏறும் பாதை. வழியில் பெரியார் அருவி. குளித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

கரியாலூர், வெள்ளிமலை. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள். இவர்களுடைய பழைய பயிர் சாமை. ஆடியில் விதைத்தால் மழையிலேயே விளைந்துவிடும், உரம் கேட்காது. சங்கடம் அறுப்புக்குப் பிறகுதான். கடுகளவு மணி, உமி லேசில் கழலாது. உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். ஒருவேளைச் சோற்றுக்குள் பெண்களின் தோள்பட்டை விட்டுப்போகும்.

சாமையின் இடத்தைப் பிடித்த மரவள்ளிக்கு அந்தப் பாடு இல்லை. பிடுங்கினால் லாரி, ஆத்தூர், சேலம் ஜவ்வரிசி ஆலை, கையில் காசு. ஆனால் கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு மண் முழுக்கப் புரண்டுவிடுகிறது. அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு போகிறது. எங்கே போகிறது என்பதைத்தான் அணைக்கரையில் பார்த்தோமே.

இதற்காக விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. அரசு இதைத் தன் கைக்கு எடுத்ததே 1976-இல், நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் கழித்து. நிலம் நமக்கு நிலைக்குமா என்ற கவலையோடு உழுகிறவனிடம், மண்ணை நூறு வருஷத்துக்குக் காப்பாற்று என்று எந்த முகத்தோடு சொல்வது?

வழி இல்லாமலும் இல்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் இதே கதைதான். மரவள்ளி வந்து சாமையை ஓரங்கட்டியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஊருக்குள்ளேயே உமி நீக்கும் இயந்திரத்தைக் கொண்டுபோனது. பெண்களின் குழுக்கள் சாமையைப் பொட்டலம் போட்டு விற்றன. பிரசங்கம் செய்யாததை ஒரு சின்ன மெஷின் செய்தது. நான் சொன்ன மிச்சப் பாதிப் பாடம் இதுதான்.

ஆரோவில்லுக்கு மாணவர்களை அழைத்து வருகிற பேராசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு வேண்டுகோள். பயணத்தில் இரண்டு நாளைக் கல்வராயனுக்கு ஒதுக்குங்கள். ஆடி மாதமானால் விதைப்பையே பார்க்கலாம். நேயர்களே, நீங்கள் போனால் அருவியோடு திரும்பிவிடாமல், அங்கே விளைந்த சாமையிலும் கடுக்காயிலும் இரண்டு கிலோவாவது விலை பேரம் பேசாமல் வாங்கி வாருங்கள்.