கேசி ஜோன்ஸுக்குப் பதவி உயர்வு கிடைத்ததா?

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த பழைய தொடர் திரையிடலுக்குப் பின், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வெளியே சமோசா ஆறிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நாம் இப்போது பார்த்த 'டிகாய்', 1957-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அரை மணி நேரக் கதைகள், மொத்தம் 39. அங்கே ஒரு பெண் போலீஸை நாயகியாக வைத்து வந்த முதல் தொடர் இதுதான். டிகாய் என்றால், குற்றவாளியைச் சிக்கவைக்க முன்னால் நிறுத்தும் ஆள். பெவர்லி கார்லண்ட் நடித்த கேசி ஜோன்ஸ், வேஷம் மாற்றிக்கொண்டு தனியாக உள்ளே போகிறாள். மற்ற போலீஸ்காரர்கள் கதைக்குக் கதை மாறுகிறார்கள். தொடர் முழுக்க நிலையாக வருபவள் அவள் ஒருத்திதான். முடிவில் கேமராவைப் பார்த்து நம்மிடம் நேராகப் பேசுபவளும் அவள்தான்.

கதை கற்பனை. ஆனால் நியூயார்க் காவல் துறையில் பெண் போலீஸுக்கென்று தனிப் பிரிவு உண்மையிலேயே இருந்தது. தொடரை அந்தப் பிரிவுக்குத்தான் காணிக்கை ஆக்கியிருக்கிறார்கள்.

படம் ஓடும்போது பக்கத்தில் இருந்த ஒரு குட்டிப் பெண் என்னிடம் கேட்டாள்: "இவ்வளவு பேரைப் பிடிச்சாங்களே ஆன்ட்டி, இவங்களுக்குப் புரமோஷன் கிடைச்சுதா?"

கிடைத்திருக்காது கண்ணு. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் பெண் போலீஸ் சார்ஜென்ட் தேர்வை எழுதவே முடியாது. தோற்றுப்போகக்கூட வாய்ப்பில்லை. திரையில் காணிக்கை, ஆபீஸில் கதவடைப்பு.

அந்தக் கதவைத் தட்டியவர் ஃபெலிஷியா ஷ்பிரிட்சர். 1942-ல் வேலைக்குச் சேர்ந்தவர். 1961-ல் சார்ஜென்ட் தேர்வுக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். தான் வேலை பார்க்கும் துறையை எதிர்த்தே கோர்ட்டுக்குப் போனார். அதன் பிறகும் தினமும் அதே ஆபீஸுக்குள் நுழைய வேண்டுமே, யோசித்துப் பாருங்கள். 1963-ல் வென்றார். 1964-ல் தேர்வு எழுதினார். 1965-ல் அவரும் கெர்ட்ரூட் ஷிம்மலும் அந்நகரத்தின் முதல் பெண் சார்ஜென்ட்கள் ஆனார்கள். ஷிம்மல் பிறகு துணைத் தலைமை அதிகாரி வரை உயர்ந்தார்.

கேசியின் துணிச்சலைப் பார்த்து நாம் எல்லோரும் கை தட்டினோம். எனக்கும் பிடித்தது. ஆனால் கைதட்டலால் அந்த விதி மாறவில்லை. ஒருவர் விண்ணப்பம் போட்டார், மறுத்தபோது விடவில்லை. அதனால் மாறியது.

கடைசியாக ஒன்று. பொங்கலுக்குக் கோலம், நவராத்திரிக்குச் சுண்டல், தண்ணீர் லாரி வராவிட்டால் போன், எல்லாம் நம் பெண்கள்தான். அதற்குக் கைதட்டலும் உண்டு. தலைவர் பதவிக்கு நிற்க நமக்கு எந்தத் தடையும் இல்லை, கோர்ட்டுக்கும் போக வேண்டாம். இருந்தும் இதுவரை ஒரு பெண்கூட மனு கொடுத்ததில்லை, நான் உட்பட.

அடுத்த மாதம் தேர்தல். இந்த முறை நான் கொடுக்கப்போகிறேன். போட்டிக்கு யார் வந்தாலும் சந்தோஷம்.

வாங்க, சமோசா சாப்பிடலாம்.