முக்குளிப்போர் சுமக்கும் ஈயம்

முன்னாளில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர், கயிற்றில் கட்டிய கல்லொன்றின்மீது காலை ஊன்றிக்கொண்டு கடலில் இறங்குவர். கல் அவர்களை விரைவாக அடிக்குக் கொண்டு செல்லும். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவர். படகிலிருப்பவர் அதனை மேலே இழுத்துக்கொள்வார். இறங்குவதற்குப் பாரம் வேண்டும். ஏறுவதற்கு அப்பாரம் நீங்க வேண்டும். அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்த இவ்வுண்மையே, இன்று காற்றுச் சிலிண்டரை முதுகில் தாங்கிக் குளிர்கடலில் மூழ்குவோர்க்கும் உயிர்காக்கும் விதியாக நிற்கிறது.

இதைப் பற்றி என்னை எண்ணச் செய்தது என் தமக்கை மகனின் கடிதம். மும்பையில் பிறந்து வளர்ந்த அவன், வேலையின்பொருட்டு ஸ்காட்லாந்து சென்றான். அந்நாட்டின் வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவே, ஸ்காபா ஃப்ளோ என்னும் கடற்பரப்பு உள்ளது. முதல் உலகப் போரின் முடிவில் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த 74 ஜெர்மானியப் போர்க்கப்பல்களை, 1919-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், அவற்றின் மாலுமிகளே மூழ்கடிக்க முற்பட்டனர். 52 கப்பல்கள் மூழ்கின. பெரும்பாலானவை பின்னர் வெளியே எடுக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காண விரும்பியே மருமகன் முக்குளிக்கப் பழகினான்.

அந்த நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். ஆகவே அங்கே ‘டிரைசூட்’ எனப்படும் உலர் உடையை அணிகின்றனர். நீர் புகாத உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பிடிக்கும் பட்டைகள். உள்ளே கனத்த கம்பளி போன்ற ஆடை. அவ்வாடையில் தங்கும் காற்றே உடலுக்கு வெப்பம் காக்கிறது. ஆனால் காற்று மிதக்கும் பொருளன்றோ? அதனை வென்று கீழே செல்ல ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இதற்கொரு பெயர் வேண்டும். ‘நிலைப்பாரம்’ என்று வைத்துக்கொள்வோம்.

மருமகன் தன் நிலைப்பாரம் 14 கிலோவையும் ஒரே இடுப்பு வாரில் கோத்திருந்தான். ஆழத்தில் நீரின் அழுத்தம் மிகும். 10 மீட்டரில் அது மேற்பரப்பில் உள்ளதைப் போல் இருமடங்கு. அங்கே காற்றின் கன அளவு பாதியாகும். அவன் இறங்க இறங்க உடை ஒடுங்கிற்று. கரையில் இறுகியிருந்த வார் தளர்ந்து, கொக்கி முதுகுப்புறம் திரும்பிக்கொண்டது. அவன் கை கொக்கியைத் தேடிற்று, அகப்படவில்லை. அருகிலிருந்த துணைவர் வாரைப் பிடித்துச் சரிசெய்தார். “மாமா, அப்போது வார் நழுவியிருந்தால் நான் தக்கையைப் போல் மேலே பாய்ந்திருப்பேன்” என்று எழுதினான்.

அவன் அஞ்சியதில் மிகையில்லை. ஏறும்போது உடையிலும் நுரையீரலிலும் உள்ள காற்று விரியும். மூச்சை அடக்கியவாறு விரைந்து மேலெழுந்தால் நுரையீரல் கிழியலாம். இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து உடலை முடக்கலாம். பாரம் தவறி விழுவதும் ஆபத்து. வேண்டும்போது விழாதிருப்பதும் ஆபத்து. முக்குளிப்பில் மாண்டோர் பலர், இடுப்பில் ஈயம் கட்டியபடியே கண்டெடுக்கப்பட்டிருக்கின்றனர். இவ்விரண்டு ஆபத்துகளுக்கும் இடையில் வழி காண்பதே பாரத்தைப் பகிர்ந்து வைக்கும் கலை.

முதலாவதாக, அளவு. ‘கூடுதலாக இருக்கட்டும்’ என்று எண்ணுவது புதியோரின் பிழை. ஈயம் மிகுந்தால், அதைச் சமன்செய்ய உடையில் மேலும் காற்றை நிரப்ப வேண்டும். அப்பெரிய குமிழி உடைக்குள் இங்குமங்கும் ஓடும். கால் உயர்ந்தால் காலுக்குச் செல்லும். காற்றை வெளிவிடும் வால்வோ இடது தோளருகே இருக்கிறது. அப்போது மனிதன் தலைகீழாக மேலே இழுக்கப்படுவான்.

சரியான அளவை அறிவது எவ்வாறு? 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 2,400 லிட்டர். அதன் எடை மூன்று கிலோவுக்குச் சற்றே குறைவு. மூச்சுவிட விட அவ்வெடை குறையும். ஆகவே சோதனையை முடிவில் செய்ய வேண்டும். சிலிண்டரில் 50 பார் மட்டுமே எஞ்சியிருக்க, மிதவைச் சட்டையில் காற்றின்றி, உடையில் உடம்பை நெருக்காத அளவு காற்றுடன், 5 மீட்டர் ஆழத்தில் எழாமலும் அமிழாமலும் நிற்க முடிந்தால் அதுவே தக்க அளவு. நீர் மாறினால் கணக்கும் மாறும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் உள்ளது நன்னீர். அது கடல்நீரினும் இலேசானது. கருவிகளோடு 100 கிலோ நிறையுள்ளவர் அங்கே இரண்டரைக் கிலோ ஈயத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, இடம். முழுப் பாரத்தையும் ஒரே வாரில் கோக்காமல் பங்கிட வேண்டும். ஒரு பகுதியை முதுகுத் தகட்டிலோ சிலிண்டர்ப் பட்டையிலோ கழலாதபடி பொருத்தலாம். இன்னொரு பகுதியை, ஒரே இழுப்பில் விடுபடும் பைகளில் இருபுறமும் சமமாக வைக்கலாம். இடுப்பில் அணிவதைத் தோள்பட்டையோடு கூடிய வாராக அமைத்தால், உடை ஒடுங்கினாலும் அது நழுவாது. கால் மிதப்போர் கணுக்காலில் சிறிதளவு கட்டுவதுண்டு. மிகுந்தால் கால் களைக்கும். இவ்வாறு பிரித்தால், ஒரு பை தவறி விழுந்தாலும் மனிதன் அம்பெனப் பாயமாட்டான். கழற்றக்கூடிய பகுதியை வேண்டுமென்றே விட்டால் நீரின்மேல் மிதக்கவும் முடியும்.

மூன்றாவதாக, கை. கழற்றும் பிடி எங்குள்ளது என்பதைத் தடித்த கையுறையோடு, கண்ணை மூடித் தொட்டுப் பழக வேண்டும். இறங்குமுன் துணைவரும் அதனைப் பார்த்து அறிந்திருக்க வேண்டும். மேற்பரப்பில் இடர் நேர்ந்தால் ஈயத்தை விடத் தயங்கலாகாது. ஈயத்தின் விலை அற்பம்.

மருமகன் இப்போது பாரத்தை நான்கு இடங்களில் வகுத்து, தேர்ந்த ஆசிரியரின் கண்முன் சோதித்த பின்னரே நீரில் இறங்குகிறானாம். “10 கிலோவே போதுமானதாக இருந்தது, மாமா, முன்பு நான்கு கிலோவை வீணே சுமந்தேன்” என்று அண்மையில் எழுதினான். படித்ததும் அவன் தாய்க்குத் தொலைபேசியில் சொன்னேன். தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இதனைக் கேட்கும் பெற்றோரே, தொலைநாட்டில் உள்ள உங்கள் பிள்ளையும் கடலில் மூழ்கப் போகிறேன் என்று எழுதினால், வேண்டாம் என்று தடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “கட்டிய பாரத்தை ஒரு கையால் அவிழ்த்துக் காட்டுவாயா?” அதற்குத் தயங்காமல் விடை சொல்பவன் இறங்கலாம், தயங்குபவன் இன்னும் சில நாள் கரையோரத்திலேயே பழகட்டும்.