வால்பாறையில் ஏன் திராட்சை இல்லை?

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. ஏறக்குறைய 3,500 அடி உயரம். நேர்கோட்டில் பார்த்தால் அரபிக்கடல் நூறு கிலோமீட்டருக்குள்தான். உயரமும் குளிரும் கடல்காற்றும் இருந்தும் இங்கே ஒரு திராட்சைத் தோட்டம்கூடக் கிடையாது.

கலிபோர்னியாவில், பசிபிக் கடலை ஒட்டிய சாண்டா குரூஸ் மலையில் மாண்டே பெல்லோ என்றொரு தோட்டம். உயரத்தில் வால்பாறையைவிடக் குறைவு. பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும். இரவுக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கும். சத்துக் குறைந்த மலைமண்ணில் பழம் சிறுத்து, தோல் தடிக்கும். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தருவது அந்தத் தோல்தான். 1976இல் பாரிஸில், பெயரை மறைத்து ருசி பார்த்த போட்டியில், இந்தத் தோட்டத்து 1971ஆம் வருஷத்து ஒயின் ஐந்தாவதாக வந்தது. அதே ஒயின்களை 2006இல் மறுபடி ருசித்தார்கள். அப்போது அதற்கு முதலிடம்!

அங்கே மழை குளிர்காலத்தில், இலையுதிர்ந்து கொடி உறங்கும்போது பெய்யும். பழம் முற்றும் கோடையில் வானம் வெறிச்சென்றிருக்கும். வால்பாறையிலோ ஜூனில் பிடித்த மழை லேசில் விடாது. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். பக்கத்துச் சின்னக்கல்லாறின் மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஈரம் காயாத திராட்சை இலையில் அடிச்சாம்பல் நோய் பற்றிக்கொள்ளும். தேயிலைக்குப் பழம் முற்றும் கவலை இல்லை. அங்கே இலைதானே வெள்ளாமை.

அடிச்சாம்பல் நோய் பிரான்சையே ஆட்டி வைத்த காலம் ஒன்று உண்டு. போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மிலார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885இல் அது மருந்தாக வெளியானது. நம்ம பக்கம் காப்பிக்கும் மிளகுக்கும் அடிக்கிறோமே, அதே போர்டோ கலவை! ஒயின் நாட்டு மருந்து மலையேறிவிட்டது, கொடிதான் ஏறவில்லை.

மலையிறங்கிக் கோவையை அடுத்த தொண்டாமுத்தூர் பக்கம் வந்தால் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். மேற்கு மலை மழையை மறித்துக்கொள்வதால் கொடி பிழைக்கிறது. இந்த வெக்கையில் அது உறங்குவதே இல்லை. கவாத்து வெட்டித்தான் காய்க்க வைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் அது. சீனாவில் அதிலிருந்து ஒயின் இறக்குகிறார்கள். நம்மூரில் பெரும்பாலும் சந்தைக்குப் போய், விதையைத் துப்பித் துப்பித் தின்னப்படுகிறது.