களப்பணிக்கு ஒரு கொடை



பட்டமளிப்பு மேடையில் கனவைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன், அதுவும் அடுத்தவர் பணத்தைப் பற்றி.

திருச்சி கே.கே. நகரிலிருந்து கிளம்பி, சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் போய்க் கிழக்கே திரும்பினால் ஊத்தத்தூர், அதைத் தாண்டிக் காரை. பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியஸ் காலத்தில் அது கடல். இன்று மழை அறுத்த செம்மண் ஓடைகளில் குனிந்து தேடினால் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் ஓட்டுத் துண்டு கையில் கிடைக்கும். 1860களில் நிலவியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டொலிச்காவும் இந்தப் பாறைகளையும் புதைபடிவங்களையும் எழுதி வைத்தார்கள். ஊத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைத் தொகுதிகளுக்கு நம்மூர்ப் பெயர்களே நிலைத்துவிட்டன. சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தை 1940இல் உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சைச் சீமைக்காரர். பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநர்.

இவ்வளவு செல்வம் வாசலில் கிடக்கிறது. இதில் பிஎச்.டி. செய்ய வரும் பிள்ளை எதை நம்பி வருகிறது? இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர் பகுதிநேரமாகப் பாடம் நடத்தி, சனி ஞாயிறில் களத்துக்குப் போகிறார். உதவித்தொகை வாங்குகிறவருக்கும் அது பல மாதம் சேர்ந்தாற்போல் தாமதமாக வருவது உண்டு. ஆற்றுப்படுகையில் ஆய்வு செய்பவருக்கோ, தண்ணீர் வற்றும் பருவம் அதற்காகக் காத்திருக்காது.

செலவு எங்கே போகிறது என்று ஒரே ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். ஆற்று மணல் படிவத்தின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. மணல்துகள் கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்பதை அதிலிருந்து கணக்கிடுவார்கள். அதற்குக் குழி வெட்டி, செங்குத்தான மண்சுவரில் இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, உடனே இரண்டு முனையையும் அடைத்துக் கறுப்புத் துணியில் சுற்ற வேண்டும். பிறகு மங்கிய சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில்தான் திறக்கலாம். கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் அந்த மாதிரி வீண். குழி வெட்ட ஆள் கூலி, வண்டி, ஆய்வகக் கட்டணம் என்று ஒவ்வொரு மாதிரிக்கும் செலவு உண்டு. ஒரு ஆய்வேட்டுக்கு இரண்டு மூன்று மாதிரி போதாது. மாத உதவித்தொகை சோற்றுக்கும் வாடகைக்கும் சரியாகப் போய்விடும். இந்த இடத்தில்தான் ஒரு கொடையாளர் வேண்டும்.

தேவையே இல்லாத ஆராய்ச்சி என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் பல மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அந்த அணை 1830களில் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டியது. காரணம் அணையின் வயதா, அடியில் மணல் போனதா என்று டீக்கடைகளிலும் தொலைக்காட்சியிலும் வாரக்கணக்கில் வாதம் நடந்தது. மணல் எவ்வளவு போனது, எவ்வளவு காலத்தில் திரும்பச் சேரும் என்று நின்று அளந்து சொல்ல நாலு ஆய்வு மாணவர்களை நாம் முன்கூட்டியே வளர்த்திருக்க வேண்டாமா?

கொடை அறிவியலை வளர்த்ததற்கு நம் திருவானைக்காவலில் பிறந்தவரே சாட்சி. தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பணத்தில் உருவான பேராசிரியர் பதவிதான் 1917இல் சி.வி. ராமனை அரசாங்க நிதித்துறையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அதில் இருப்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ராமன் மறுத்தார். அதற்கு முன் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி ராமனை விடவில்லை, நிபந்தனையைத்தான் தளர்த்தச் செய்தார். நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டிருந்தால் நஷ்டம் யாருக்கு?

நிபந்தனை என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை வெட்டும் சிமெண்ட் ஆலைகளின் சுரங்கக் குழிகளிலேயே நல்ல புதைபடிவங்கள் வெளிப்படுகின்றன, அங்கேயே அழிந்தும் போகின்றன. ஆலை உதவித்தொகை தர முன்வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஆலைக்காரர் உட்காரக் கூடாது. முடிவை வெளியிடுவதற்கு முன் அவர் கையெழுத்தும் தேவைப்படக் கூடாது. பணம் பல்கலைக்கழகம் வழியாக வரட்டும், வருடா வருடம் கணக்கு காட்டப்படட்டும். அதற்கு மேல் கேட்கும் கொடையாளரைக் கும்பிட்டு அனுப்பிவிடலாம்.

நம் ஊரில் கொடைக்குப் பஞ்சமில்லை. கோயில் கோபுரத்துக்குக் கொடுக்கிறோம், பள்ளிக்கு மண்டபம் கட்டுகிறோம், பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கிறோம். ஒருவர் குழி வெட்டி மணல் எடுத்த இருபது நாளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். அந்த ஒரு வரி போதும் என்று நினைக்கும் ஆட்கள் இனி நமக்கு வேண்டும்.

இன்று பட்டம் வாங்கும் நீங்கள் வேலைக்குப் போவீர்கள், சிலர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போவீர்கள். உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவை இன்றோடு கலைத்துவிடாதீர்கள். நாற்பது பேர் மாதம் ஐநூறு ரூபாய் போட்டால் இருபதாயிரம், ஆண்டுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஒரு மாணவரின் ஒரு களப்பருவம் அதில் நடக்கும். துறைத்தலைவரிடம் போய், ‘இந்த வருஷம் களப்பணிக்குப் பணமில்லாமல் நிற்பவர் யார்?’ என்று கேட்டுக் கொடுங்கள். கல்லூரிக்கு நுழைவாயில் வளைவு மட்டும் கட்டித் தராதீர்கள். அது ஏற்கெனவே இருக்கிறது.